குரலுக்கு உரியவரிடம் முதலில்

தொலைபேசியில் நான் "ம்" என்று சொன்னாலே என் மனைவி கோமதிக்குப் போதும். "குரல் ஒருமாதிரி இருக்கே, சளி பிடிக்கப் போகுது உங்களுக்கு" என்பாள். அப்போது எனக்கு ஒன்றும் இருக்காது. மறுநாள் மூக்கடைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே நான் ஓய்வு பெற்றேன். பிழை பார்ப்பதில் பேர் வாங்கியவன். ஆனால் என் உடம்பில் உள்ள பிழைகளைப் பார்த்தவள் அவள்தான். அவள் இழுத்துக்கொண்டு போனாலொழிய நான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை.

அவளுடைய குரல் கம்மத் தொடங்கியபோது நான் செய்தது, பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்ததுதான்.

வேறென்ன தோன்றும்? மேடையில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். "தொண்டை கட்டாதவன் தொகுதிக்கு வேலை செய்யலேன்னு அர்த்தம்" என்று எங்கள் மாவட்டச் செயலாளர் மூர்த்தியண்ணன் கரகரத்தபடி சொல்வார். அவர் சட்டைப்பையில் அதிமதுரம் இல்லாத நாள் கிடையாது. கோமதி தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் அவளுடைய பழைய குரல் திரும்பவில்லை. கட்சிக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நானும்தான்.

சாத்தூரில் இருந்த தொகுதி அலுவலகத்துக்குக் காளீஸ்வரி வந்தது அந்தச் சமயத்தில். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கி இரண்டு அறை கட்டியிருந்தார்கள். அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அவரு நல்லா இருக்கையிலயே ஒரு நாள் பேங்குல இருந்து போன் வந்துச்சு, எம்.பி.யம்மா. 'கடன்ல ஒங்க பேரையும் சேக்கணும், வழக்கமான நடைமுறைதான்'னாங்க. நானும் சேந்தேன். அதுக்குப் பெறகு எட்டே மாசம். நுரையீரல்லன்னாங்க, முத்திப்போச்சுன்னாங்க. கடன் விசயமா போன வாரம் போனப்ப, அங்க இருக்குற ஒரு பையன் வாய் தவறிச் சொல்லிட்டான். 'ஒங்க வீட்டுக்காரரு மார்க்குதான் அப்பவே எறங்கிருச்சே'ன்னான்."

"என்ன மார்க்கு?" என்றாள் கோமதி.

"அதத்தான் நானும் கேட்டேன். போன்ல பேசுற குரல ஒரு மிசினு கேக்குமாம். யாரு நீடிப்பா, யாரு நீடிக்க மாட்டான்னு அதுக்குத் தெரியுமாம். எங்க வீட்டுக்காரரு அவங்ககிட்ட பேசினது மொத்தமே ரெண்டு மூணு தரம். அதுல அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தெனமும் பேசினவ. எனக்குத் தெரியல."

கோமதி அவளுக்கு டீ வரவழைத்தாள். காளீஸ்வரி அதைக் குடிக்கவில்லை.

"கடனத் தள்ளுபடி பண்ணுங்கன்னு நான் கேக்க வரல. ஒரு மனுசி போன் பண்ணி, 'ஏம்மா, ஒம் புருசன டாக்டர்கிட்டக் காட்டு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்ல? எங்கிட்டப் பேசத்தான் செஞ்சாங்க. அத மட்டும் சொல்லல."

அவள் போன பிறகு கோமதி ஆறிப்போன அந்த டீயைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் ஒன்றரை வருடம் அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. வங்கி, வீட்டுக்கடன் வாடிக்கையாளர் பாதுகாப்பு மசோதா ஒன்றை அரசு கொண்டுவந்திருந்தது. அதைப் பரிசீலித்த குழுவில் அவளும் உறுப்பினர். மசோதாவில் எல்லாம் இருந்தது. வட்டியை எப்படி மாற்றலாம், வசூலுக்கு எந்த நேரத்தில் வரலாம், வீட்டை எப்போது ஏலம் விடலாம். குரலைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அவள் ஒரு திருத்தம் எழுதினாள். தமிழில் எழுதி என்னிடம் காட்டினாள். கடன் கொடுத்தவருடைய இயந்திரம் ஒருவரின் குரலிலிருந்து அவர் உடல்நிலை பற்றி எதை ஊகித்தாலும், அதை வைத்து எந்த முடிவும் எடுப்பதற்கு முன், குரலுக்கு உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும். இயந்திரம் சொல்லக் கூடாது. ஒரு மனிதர், அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும்.

"'முதலில்' வேண்டுமா? அது இல்லாமலே பொருள் வருதே" என்றேன், பழக்கதோஷத்தில்.

"அதுதாங்க திருத்தமே" என்றாள்.

மசோதா அவைக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்லியில் எங்கள் குடியிருப்புக்கு ஒருவர் வந்தார். பெயர் நிரஞ்சன். காளீஸ்வரிக்குக் கடன் கொடுத்த அதே நிறுவனத்தின் பெரிய அதிகாரி. நல்ல சென்னைத் தமிழ், நல்ல சட்டை. கையில் திருநெல்வேலி அல்வா.

"மேடம், எங்க ஆளுங்க அந்த மெஷினைக் 'காது'ன்னு சொல்வாங்க. அது நோய் கண்டுபிடிக்கிற மெஷின் இல்ல. கஸ்டமர் பேசுற பேச்சைக் கேட்டு ஒரு எண் போடும். இந்தக் கடன் ஒழுங்கா நடக்குமா நடக்காதான்னு. ஏன் எறங்குச்சுன்னு எங்களுக்கே தெரியாது."

"தெரியாமத்தான் பொண்டாட்டியக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குறீங்களாக்கும்."

அவர் சிரித்தார். "சரி, சொல்றோம்னு வச்சுக்கோங்க. பத்து பேருக்குச் சொன்னா அதுல நாலு பேருக்கு ஒண்ணுமே இருக்காது. சாதாரண ஜலதோஷமா இருக்கும். அந்த நாலு குடும்பம் படுற பாட்டை யோசிச்சீங்களா? பேங்க்ல இருந்து போன் வந்தாலே நெஞ்சு வலி வந்துடும் மேடம், ஜனங்களுக்கு."

அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நான் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மிச்சம் ஆறு பேரு?" என்றாள்.

அவர் காப்பியைக் கையில் எடுத்தார்.

"நாலு பேரு பயந்து போயி டாக்டரப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு ஒங்களத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வருவான். திட்டு வாங்குங்க. வட்டி வாங்குறீங்கள்ல?"

நிரஞ்சன் காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க சாத்தூர் வீட்டுக்கடனும் எங்ககிட்டதான் இருக்கு மேடம். தொகுதி ஜனங்களோட புகாருக்காக எங்க ஆபீஸுக்கு நீங்க எவ்வளவோ தடவை பேசியிருக்கீங்க. உங்க எண் என்னன்னு நான் பார்க்கல. உங்களுக்குத் தெரியணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

பார்க்கவில்லை என்று சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாட்டுல ஒருத்தருக்கும் சொல்லாதத எனக்கு மட்டும் எதுக்குச் சொல்றீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

"அல்வாவையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. மறந்துறாதீங்க."

அவர் போனதும் நான் கேட்டேன். "தெரிஞ்சுகிட்டாத்தான் என்ன, கோமதி?"

"தெரிஞ்சுகிட்டா அது லஞ்சம். அவையில நான் எந்திரிச்சு நின்னா, 'இந்தம்மாவுக்கு நாங்க தனியாச் சொன்னோமே'ம்பான். அம்புட்டுத்தான், முடிஞ்சுபோகும்."

ஏற்கெனவே பாதி முடிந்துதான் போயிருந்தது. திருத்தத்தில் உடன் கையெழுத்துப் போட்டிருந்த இரண்டு உறுப்பினர்களும் போன வாரமே விலகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காரணம் சொன்னார், மற்றவர் அதுவும் சொல்லவில்லை. இப்போது அது அவள் ஒருத்தியின் பெயரில் நின்றது. அவையின் வழக்கம் எனக்குத் தெரியும். திருத்தத்துக்கு உரிய உறுப்பினரின் பெயரைச் சபாநாயகர் அழைப்பார். அந்த நேரத்தில் அவர் தம் இடத்தில் எழுந்து நின்று முன்மொழிய வேண்டும். ஆள் இல்லையென்றால் அதோடு அந்தத் திருத்தமும் இல்லை. அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

மசோதா எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முந்தின நாள் காலை என் கைப்பேசி அடித்தது. ஒரு பெண்குரல். இனிமையான குரல்.

"செண்பகமூர்த்தி சார்தானே? சாத்தூர் வீட்டுக்கடன்ல உங்களையும் உடன்கடனாளியா சேர்க்கணும் சார். வழக்கமான நடைமுறைதான்."

நான் பால்கனியில் நின்றிருந்தேன். கீழே யாரோ கார் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "வழக்கமான நடைமுறைதான்" என்று அந்தப் பெண் இரண்டாம் முறை சொன்னபோதுதான் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நிரஞ்சனுக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். எண் இறங்கினால் இயந்திரம் தானாகவே அழைப்புப் பட்டியலில் போட்டுவிடும். யாருடைய எண், யாருடைய மனைவி, நாளை அவையில் என்ன நடக்கப் போகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

உள்ளே போய்ச் சொன்னேன். கோமதி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை."

"சரி." சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "போட்டுருங்க கையெழுத்து" என்றாள்.

"என்ன பேசுற? உனக்கு என்னமோ இருக்குன்னு சொல்றான். அவன் கடனுக்கு நான் ஜாமீன் நிக்கணுமா?"

"போடுங்கங்க. ஏன்னு பெறகு சொல்றேன்."

கோபத்தோடுதான் செய்தேன். கைப்பேசியில் பெருவிரலை வைத்து, அந்தப் பெண் சொல்லச் சொன்னபடி, "செண்பகமூர்த்தி ஆகிய நான் சம்மதிக்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன். "நன்றி சார். இனி உங்க அழைப்புகளும் பதிவாகும்" என்றாள்.

"இப்ப ஆஸ்பத்திரிக்கு வா. அது லஞ்சமில்லையே?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா? இதப் பாக்கத்தான் நான் எம்.பி. ஆனேன் போல."

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஜெசிந்தா நாகர்கோவில்காரர். அவள் பேசிய இரண்டு வாக்கியத்தைக் கேட்டார். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முகம் மாறிற்று. ஸ்கேன் எடுக்க அனுப்பினார். திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"தொண்டையில ஒண்ணுமே இல்லம்மா. குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு நேரா தொண்டைக்குப் போகாது. நெஞ்சு வரைக்கும் எறங்கி, இதயத்திலிருந்து வர்ற பெரிய ரத்தக்குழாயைச் சுத்தி மேல ஏறும். உங்களுக்கு அந்தக் குழாய் வீங்கியிருக்கு. பலூன் மாதிரி. அது நரம்பை அழுத்துது. அதான் குரல் போச்சு. எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு வருசமா" என்றேன். "மேடையில பேசிப் பேசி... அப்படின்னுதான் நெனச்சோம்."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க, சார். ஆரம்பத்துலயே வந்திருந்தா நாள் குறிச்சு நிதானமா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இப்ப இன்னைக்கே அட்மிட் ஆகணும். கத்தக் கூடாது. கோபப்படக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறவே கூடாது."

"நாளைக்குச் சாயங்காலம் வாரேனே டாக்டர்."

"அம்மா, நான் சொன்னது புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. நாளைக்கு என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நான் அங்க இருக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கோமதியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், என்னை விட்டுப் போய்விடாதே என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காளீஸ்வரிக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல. எனக்கு டாக்டரும் சொல்லியாச்சு, நீங்களும் சொல்லியாச்சு. தெரிஞ்சுதான போறேன்" என்றாள். மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஒன்றை நாடாளுமன்ற வாசலில் நிறுத்த ஏற்பாடு செய்தேன். அதுவரைதான் என்னால் முடிந்தது.

பார்வையாளர் மாடத்தில் எனக்கு இரண்டாம் வரிசை. அங்கே பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது. பிற்பகலில் அவள் பெயர் அழைக்கப்பட்டது. எழுந்தாள். முன்மொழிகிறேன் என்றாள். தமிழில் பேச அனுமதி வாங்கியிருந்தாள். கீழே உறுப்பினர்கள் மொழிபெயர்ப்பைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் சொந்த நலன் ஒன்றை அவைக்கு அறிவிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தாள். "எனக்கும் வீட்டுக்கடன் உண்டு. எனக்குக் கடன் கொடுத்தவர்களின் இயந்திரம் என் குரலில் ஒரு நோயைக் கேட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கினார்கள். நேற்று ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்நேரம் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும்."

பேச்சுச் சத்தம் குறைந்தது.

"ஐயா, உங்கள் காதில் இப்போது கேட்பது என் குரல் இல்லை. மொழிபெயர்ப்பவரின் குரல். நல்ல குரல். தயவுசெய்து அதைக் கழற்றுங்கள். என் மொழி உங்களுக்குப் புரிய வேண்டாம். என் குரலைக் கேளுங்கள்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்திருக்க வேண்டும். ஒருவர் கழற்றினார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர். வரிசை வரிசையாகக் கழற்றினார்கள். அவள் மேலும் சில வாக்கியங்கள் பேசினாள், காளீஸ்வரியைப் பற்றி. அங்கே பெரும்பாலோருக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கிழிந்த துணி காற்றில் அடிப்பதுபோன்ற அந்தக் குரலை மட்டும் கேட்டார்கள். ஆளுங்கட்சி வரிசையில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். செருமியவர் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார். அங்கே கடன் இல்லாதவர் யார், தொண்டை கட்டாதவர் யார்?

குரல் வாக்கெடுப்பில் "இல்லை" என்ற சத்தம் எப்போதும்போல எழவில்லை. ஆனாலும் எழுந்தது. திருத்தம் தோற்றது என்று சபாநாயகர் சொல்லப் போகும் நேரத்தில் எண்ணி வாக்கெடுக்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். உரக்கக் கேட்க வேண்டும்.

கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது. கோமதி கத்தினாள்.

மணி அடித்தது. வெளியே இருந்த உறுப்பினர்கள் ஓடி வந்தார்கள். பிறகு அவையின் கதவுகளைப் பூட்டினார்கள். வாக்கெடுத்து முடியும்வரை எவரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. அவள் இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன். காவலர் என் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். மறுபடி எழுந்தேன். மறுபடி உட்கார வைத்தார். பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவள் முன்னால் குனிந்து அழுத்தினாள். பலகையில் எண்கள் வந்தன. அவற்றைத் திருத்த வேண்டுமென்று யாரோ சீட்டுக் கொடுத்தார்கள், எங்கோ ஒரு பொத்தான் வேலை செய்யவில்லையாம். அதைச் சரிபார்த்தார்கள். ஆளுங்கட்சியில் பலர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சொற்ப வித்தியாசத்தில் திருத்தம் நிறைவேறியது.

கதவுகள் திறந்தன. அவளே நடந்து வந்தாள். ஆம்புலன்ஸில் ஏறும்போது, "அழாதீங்க. மூக்கடைக்கும் உங்களுக்கு" என்றாள். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட அவள் குரல். அன்றே ஆபரேஷன் நடந்தது. அவள் கண் திறக்கவில்லை.

மேலவையிலும் மசோதா நிறைவேறியது. சட்டமாயிற்று. நான் சாத்தூர் வீட்டுக்குத் திரும்பினேன். மாதம் ஒருமுறை தவணைக்காக அந்த நிறுவனத்தோடு பேச வேண்டியிருந்தது. மற்றபடி பேசுவதற்கு எனக்கு ஆள் அதிகம் இல்லை. அவள் "பெறகு சொல்றேன்" என்று சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எதற்காக என்னைக் கையெழுத்துப் போட வைத்தாள்? கட்சியில் கேட்டேன். "அந்தம்மா வீடு போயிரக் கூடாதுன்னு நெனச்சிருக்கும்" என்றார் மூர்த்தியண்ணன், கரகரப்பாக. அவரை டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார். ஒன்றுமில்லையாம். என்னைத் திட்டினார்.

போன வாரம் பகல் பதினொரு மணிபோல் அழைப்பு வந்தது. பெண்குரல்தான். ஆனால் இது இனிமையான குரல் இல்லை. தயங்கித் தயங்கி வந்தது.

"அய்யா, செண்பகமூர்த்தி அய்யாங்களா? நான் கடன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். தவணை விசயம் இல்லைங்க. இது சட்டப்படி ஒங்ககிட்ட மொதல்ல சொல்ல வேண்டிய தகவல். கேக்க வேணாம்னா இப்பவே சொல்லிரலாம். நான் வச்சிருறேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா."

"ஒங்க குரல்ல ஒரு மாத்தம் தெரியுதாம். என்னன்னு எங்களுக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் ஒருத்தரப் பாக்கச் சொல்லி..." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதிக்கொடுத்திருந்ததைத் தாண்டி அந்தப் பெண் தன்பாட்டுக்குப் பேசினாள். "சளின்னு நெனச்சுச் சும்மா இருந்துறாதீங்கய்யா. எங்கப்பா அப்படித்தான் இருந்தாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காலை நேரத்தில், சீப்பு பாதியில் நிற்க, அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தான் இல்லாவிட்டால் இந்த மனுசனின் குரலை யார் கேட்பார்கள்? கடன்காரன் என்று ஆனால்தான் அந்தக் காது என்னைக் கேட்கும். மறுநாள் திருத்தம் ஜெயித்தால்தான் கேட்டதைச் சொல்லும். ஜெயிக்கும் என்று அவள் நம்பியிருக்கிறாள்.

"லைன்ல இருக்கீங்களாய்யா?"

"இருக்கேம்மா."

"டாக்டர்கிட்டப் போவீங்கள்ல?"

"போறேன்" என்றேன். "இப்பவே போறேன். சட்டையை மாத்திக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அதுதான் முதல் தடவை.